கோயிற்பற்று விவாகப் பதிவேடுகளும் உழைக்கும் மக்களின் வரலாறும்: ஆங்கிலக் கிராமியச் சான்றுகள் பற்றிய சில குறிப்புகள்

இங்கிலாந்தின் கிராமிய வரலாற்றை எழுத முற்பட்டோர் நெடுங்காலமாக நிலப்பிரபுக்களின் குடும்ப ஆவணங்களையும், பண்ணைக் கணக்குகளையும், நீதிமன்ற ஏடுகளையுமே பெரிதும் ஆதாரமாகக் கொண்டனர். இவற்றிலே உழவனும் கூலியாளும் குத்தகைக்காரனாகவோ கடனாளியாகவோ குற்றவாளியாகவோதான் பெரும்பாலும் தோன்றுவர். அவர்கள் மணமக்களாகத் தோன்றும் ஏடும் ஒன்றுண்டு. கிராமக் கோயிற்பற்றுகளிற் பேணப்பட்ட விவாகப் பதிவேடே அது. ஆளுவோரின் தேவை கருதித் தோன்றிய இவ்வேடு ஆளப்பட்டோரின் வரலாற்றுக்கு எவ்வகையிற் சான்றாகின்றது என்பதையும், எவ்விடங்களில் அது மௌனம் சாதிக்கின்றது என்பதையும் இங்கு நோக்குவோம்.

எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குறொம்வெல் 1538இல் விடுத்த கட்டளையே இப்பதிவேடுகளுக்கு அடிப்படையாகும். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் மதகுரு வாரந்தோறும் பதிவுசெய்தல் வேண்டும் என்றும், ஏட்டினை இரு பூட்டுகள் கொண்ட பெட்டகத்தில் வைத்தல் வேண்டும் என்றும் அக்கட்டளை விதித்தது. இது புதியதொரு வரிக்கு முன்னோடியோ என மக்கள் ஐயுற்றனர். அந்த ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஒன்றரை நூற்றாண்டின் பின்னர், பிரான்சுடனான யுத்தச் செலவை ஈடுசெய்யும் பொருட்டு, 1695 முதல் 1706 வரை விவாகத்தின் மீதும் வரி விதிக்கப்பட்டது.

1753இல் ஹாட்விக் பிரபுவின் விவாகச் சட்டம் நிறைவேறி, 1754 மார்ச் 25ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. சொத்துடைய குடும்பங்களின் வாரிசுகள் இரகசியமாக மணம்புரிவதைத் தடுப்பதே அதன் முதன்மை நோக்கம். குவேக்கரும் யூதரும் நீங்கலாக அனைவரும், கத்தோலிக்கர் உட்பட, அரச திருச்சபையின் கோயிலிலேயே மணம்புரிய வேண்டியவராயினர். ஆயினும் சொத்துடையோரின் பாதுகாப்புக்காக எழுந்த இச்சட்டம் தான் கருதாத ஒரு பயனையும் விளைவித்தது. மணமக்களும் சாட்சிகள் இருவரும் ஏட்டிற் கையொப்பமிடல் வேண்டும் என்ற விதியினால், வேறெந்த எழுத்தையும் விட்டுச்செல்லாத கூலியாளனதும் பணிப்பெண்ணினதும் கைத்தடம் முதன்முறையாகப் பரவலாகப் பதிவாயிற்று.

எழுத அறியாதோர் பொதுவாகச் சிலுவைக்குறி இட்டனர். இக்குறிகளைக் கணக்கிட்ட றோஜர் ஸ்கோபீல்டின் ஆய்வின்படி, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பதின்மரும் பெண்களுள் அறுபதின்மருக்கு மேற்பட்டோரும் பெயரெழுத அறியாதிருந்தனர். 1840 அளவிலும் மணப்பெண்களுள் ஏறத்தாழ அரைப்பங்கினர் குறியே இட்டனர். கைத்தொழிற் புரட்சி ஈட்டிய செல்வம் உழைப்போரின் கல்வியாக எளிதில் மாறிவிடவில்லை என்பதற்கு இக்குறிகளே சான்று.

விவாகம் நிகழ்ந்த மாதங்களும் பொருளுற்பத்தியின் இயல்பை உணர்த்துகின்றன. தவக்காலம் அமையும் மார்ச் மாதத்தில் விவாகங்கள் அருகின. இது சமயத்தின் செல்வாக்கு. ஆனால் தானியச் செய்கைப் பிரதேசங்களில் அறுவடை முடிந்து, பண்ணை ஏவலாளர் ஆண்டுக்கூலி பெற்று விடுபடும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் விவாகங்கள் பெருகின. மந்தை வளர்ப்புப் பிரதேசங்களிலோ, ஆட்டுக்குட்டிகள் ஈனும் பருவம் கழிந்த பின்னர், வேனிற்காலத் தொடக்கத்திலேயே அவை மிகுந்தன. விவாக நாளை நிர்ணயித்ததில் உழைப்பின் நாட்காட்டிக்குப் பெரும் பங்கு இருந்தது எனலாம்.

டெவன் பிரதேசத்துக் கொலிற்றன் கோயிற்பற்றின் ஏடுகள் 1538 முதலே கிடைப்பன. 1837க்கு முற்பட்ட விவாகப் பதிவுகள் பொதுவாக வயதைக் குறிப்பதில்லை. எனவே ஒருவரது ஞானஸ்நானப் பதிவை அவரது விவாகப் பதிவோடு இணைத்து வயதைக் கணிக்கும் முறையினை ஈ. ஏ. றிக்லி கையாண்டார். 1966இல் வெளிவந்த அவரது ஆய்வின்படி, பெண்களின் சராசரி முதல் விவாக வயது 1560–1646 காலப்பகுதியில் 27.0 ஆகவும், 1647–1719இல் 29.6 ஆகவும், 1770–1837இல் 25.1 ஆகவும் இருந்தது. பண்டைய கிராமத்திலே பெண்கள் இளவயதிலேயே மணம்புரிந்தனர் என்ற பொதுக் கருத்தை இவ்வெண்கள் தகர்த்தன. தனிக்குடும்பம் அமைக்கப் பொருள் சேரும்வரை இளைஞர் காத்திருந்தனர். நிலத்தையும் சேமிப்பையும் நம்பிய வாழ்வு அருகிக் கூலியுழைப்பு பெருகியபோது, அவ்வாறு காத்திருப்பதன் பொருளும் மாறியது. காலுறை பின்னும் குடிசைக் கைத்தொழில் வளர்ந்த லெஸ்ரர்ஷயர்க் கிராமமான ஷெப்ஷெட் பற்றிய டேவிட் லெவினின் ஆய்வு இதனை வலியுறுத்துகின்றது.

எனினும் ஏடு சொல்லாதவையும் உள. மணம்புரியும் பெண் கணவனின் வதிவுரிமையைப் பெறுவாள் என்பது வறியோர் சட்டத்தின் விதி. ஆகவே நிவாரணச் செலவைத் தம் தலையிலிருந்து அகற்ற விரும்பிய கோயிற்பற்று அதிகாரிகள், கருவுற்ற ஏழைப் பெண்ணை வேற்றூர் ஆடவன் ஒருவனுக்கு மணமுடித்து வைக்க முயன்றதுண்டு. நோபோக் பிரதேசத்து வெஸ்ரன் லோங்வில் மதகுரு ஜேம்ஸ் வுட்போர்டின் நாட்குறிப்பு, காவலிற் கொண்டுவரப்பட்ட மணமகனுக்கு அவர் விவாகம் நடத்திவைத்ததைக் கூறுகின்றது. விவாகப் பதிவின் வாசகமோ அத்தகைய வற்புறுத்தலைக் காட்டுவதில்லை. மனமொத்த விவாகம் போன்றே அதுவும் எழுதப்படும்.

மற்றொரு மௌனம் பெண்ணைப் பற்றியது. 1837 ஜூலை முதல் வழக்கிற்கு வந்த புதிய படிவம் வயது, தொழில், தந்தையின் பெயர், தந்தையின் தொழில் ஆகியவற்றைக் கேட்டது. தாயின் பெயருக்கு அதில் இடமிருக்கவில்லை. வயலிலும் பாற்பண்ணையிலும் உழைத்த மணப்பெண்ணின் தொழிலுக்குரிய கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்பட்டது. 2021 மே 4ஆந் திகதியே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தாயின் பெயரும் பதிவிற் சேர்க்கப்படலாயிற்று. அன்றே பழைய பதிவேட்டு முறையும் முடிவுற்று, இலத்திரனியற் பதிவு அதனிடத்தைப் பெற்றது.

றிக்லியும் ஸ்கோபீல்டும் 1981இல் வெளியிட்ட இங்கிலாந்தின் குடித்தொகை வரலாறு 404 கோயிற்பற்றுகளின் ஏடுகளை ஆதாரமாகக் கொண்டது. அவற்றிலிருந்து தரவுகளைத் திரட்டித் தந்தோர் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களான தொண்டர்களே. பல்கலைக்கழக ஆய்வும் மக்களின் உழைப்பும் இணைந்தமையாலேயே அப்பெருமுயற்சி கைகூடியது. ஆயினும் எண்களைத் தொகுப்பதோடு வரலாற்றாசிரியனின் பணி முடிவதில்லை. சிலுவைக்குறி இட்டவளுக்கு எழுத்து ஏன் மறுக்கப்பட்டது, வெறுமையாக விடப்பட்ட கட்டத்துக்குரியவள் எத்தொழில் புரிந்தாள் என்னும் வினாக்களை எழுப்பும்போதே, அதிகாரத்தின் ஏடு மக்களின் சான்றாகின்றது.