டிஸ்க் எழுதல் கணக்கு (லினக்ஸ் கெர்னல்)

டிஸ்க் எழுதல் கணக்கு என்பது, கணினியில் ஓடும் ஒவ்வொரு ப்ராசஸாலும் டிஸ்க்கில் எத்தனை பைட் எழுத நேர்கிறது என்று இயங்குதளத்தின் கெர்னல் பதிந்துவரும் முறை. லினக்ஸில் இது 2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20 பதிப்பில் நிலைபெற்றது. எழுதிய பைட்டை யார் பெயரில், எந்தக் கணத்தில் பதிவது என்ற கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளே இதன் வரலாறு.

ஒரு ப்ராசஸ் 'ரைட்' அழைப்பு விடுத்ததும் தரவு டிஸ்க்குக்குப் போய்விடுவதில்லை. கெர்னல் அதை நினைவகத்தில் உள்ள பேஜ் கேஷில் வாங்கிவைத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று பதில் தந்துவிடுகிறது. இப்படி மாற்றப்பட்டு, டிஸ்க்குக்கு இன்னும் போகாத பக்கத்தை 'டர்ட்டி பேஜ்' என்பார்கள். இயல்பு அமைப்பில் சுமார் 30 விநாடி கழித்து, கெர்னலின் சொந்த திரெட் ஒன்று அத்தகைய பக்கங்களைத் திரட்டி எழுதும். அதற்குள் முதலில் எழுதிய ப்ராசஸ் முடிந்தே போயிருக்கலாம். ஆகவே டிஸ்க் டிரைவர் மட்டத்தில் எண்ணினால், பழியெல்லாம் அந்த திரெட்டின் தலையில்தான் விழும்.

1983-இல் வந்த 4.2பிஎஸ்டி யூனிக்ஸின் 'கெட்ஆர்யூசேஜ்' அழைப்பில் ப்ராசஸ்வாரி எழுதல் எண்ணிக்கைக்கு ஓர் இடம் இருந்தது. லினக்ஸ் அந்த அழைப்பை ஏற்றுக்கொண்டாலும், 2.6.22 வரை அந்த இடத்தில் பூஜ்யம்தான் இருந்தது. இடைக்காலத்தில் உதவியது 'பிளாக்_டம்ப்' என்ற கெர்னல் வசதி. மடிக்கணினியின் டிஸ்க்கை உறங்கவிடாமல் எழுப்புவது எந்த ப்ராசஸ் என்று கண்டுபிடிப்பதற்காகவே அது வந்தது. அதை இயக்கினால், யார் எந்தக் கோப்பைத் தொட்டார்கள் என்று கெர்னல் லாகில் வரிவரியாக விழும். லாகைச் சேமிக்கும் சிஸ்லாக் நிரலே அதை டிஸ்க்கில் எழுதி டிஸ்க்கை எழுப்பும் என்பதால், முதலில் சிஸ்லாகை நிறுத்திவிடுங்கள் என்று ஆவணமே அறிவுறுத்தியது. 2021-இல் இந்த வசதி கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது.

திருப்பம் 2006 டிசம்பரில் கெர்னல் உருவாக்குநர் ஆண்ட்ரூ மார்ட்டன் அனுப்பிய பேட்ச்சுகளில் வந்தது. டிஸ்க்கை எட்டும்போது எண்ணாமல், பக்கம் டர்ட்டி ஆகும் கணத்திலேயே, அதை அப்படி ஆக்கிய ப்ராசஸின் கணக்கில் ஒரு முழுப் பக்கத்தை ஏற்றிவிடுவது அவர் எடுத்த முடிவு. காரணகர்த்தா கையும் களவுமாகப் பிடிபடும் ஒரே கணம் அதுதான். அந்த வகையில் இது மிகச் சரியான முடிவு. கணக்கை 'ப்ராக்' கோப்பமைப்பில் அந்தந்த ப்ராசஸ் எண்ணின் கீழுள்ள 'ஐஓ' கோப்பில் படிக்கலாம். ஒரு நிரல் புதிய கோப்பில் ஒரு பைட் வீதம் 10,000 முறை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரைட் அழைப்புகளை எண்ணும் வரி 10,000 காட்டும். டிஸ்க்குக்கான 'ரைட்_பைட்ஸ்' வரியிலோ, 4,096 பைட் பக்கங்கள் மூன்று, அதாவது 12,288 மட்டுமே ஏறும். இடையில் அந்தப் பக்கங்கள் டிஸ்க்குக்குப் போய் மீண்டும் டர்ட்டி ஆனால் எண் கூடும்.

முன்கூட்டியே எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. 1 எம்பி தற்காலிகக் கோப்பை எழுதி உடனே அழித்தால் டிஸ்க்கில் எதுவுமே எழுதப்படாது. கணக்கிலோ 1 எம்பி ஏறியிருக்கும். இதற்காக 'கேன்சல்டு_ரைட்_பைட்ஸ்' என்ற தனி வரி சேர்க்கப்பட்டது. இது ஏறுவது கோப்பை அழித்தவர் கணக்கில். எழுதியவர் வேறொரு ப்ராசஸாகவும் இருக்கலாம். மொத்தத்திலிருந்து கழித்துவிட்டால் தகவல் தொலைந்துபோகும் என்பதால் தனியாகவே வைத்தார்கள்.

'ஐஓடாப்', 'பிட்ஸ்டாட்' போன்ற கருவிகள் இந்தக் கணக்குகளின் மேல் எழுந்தவை. ஐஓடாப்பில் 'ஜேபிடி2' என்ற பெயர் அடிக்கடி மேலே வந்து நிற்கும். அது ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்பின் ஜர்னலை எழுதும் கெர்னல் திரெட். அதை எழுதவைத்த ப்ராசஸ் எது என்பது அந்த வரியில் தெரியாது.

2011 வரை ப்ராசஸின் 'ஐஓ' கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது. டெர்மினலிலிருந்து படிக்கும் பைட்டுகளும் இதில் எண்ணப்படுவதால், வேறொரு பயனர் பாஸ்வேர்டு தட்டும்போது எண்ணிக்கை எவ்வளவு கூடுகிறது என்று தொடர்ந்து பார்த்து, அதன் நீளத்தைக் கண்டுபிடித்துவிடலாம். சிவிஇ-2011-2495 என்று பதிவான இந்த ஓட்டை, 2.6.39.4 பதிப்பில் அடைக்கப்பட்டது. அதன்பின், மற்றவரின் ப்ராசஸைப் பார்க்க உரிய அனுமதி தேவை.

கன்டெய்னர்கள் பெருகியபின் ப்ராசஸ்வாரிக் கணக்கு மட்டும் போதவில்லை. ப்ராசஸ்களைக் குழுவாகக் கட்டும் சிகுரூப்பில், கேஷ் வழியாகச் சென்ற எழுதல்கள் மூலக் குழுவின் பெயரிலேயே விழுந்துகொண்டிருந்தன. கெர்னல் உருவாக்குநர் தேஜுன் ஹியோவின் பணியால் 2015-இல் வந்த 4.2 பதிப்பு இதைச் சீர்செய்தது. ஆனால் ஒரு கோப்புக்கு ஒரு நேரத்தில் ஒரே குழுதான் பொறுப்பாளி. இரு குழுக்கள் ஒரே கோப்பில் மாறிமாறி எழுதினால் கணக்கு பிசகும்.

எஸ்எஸ்டியின் ஆயுளுக்காக இந்த எண்ணைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெர்னல் எண்ணுவது ப்ராசஸ் தந்த வேலையை மட்டுமே. ஃபிளாஷ் பகுதிகளை ஒழுங்குபடுத்த டிரைவ் தனக்குள் எழுதிக்கொள்வது எந்த ப்ராசஸின் கணக்கிலும் வராது.