ஆடுபுலிக் கட்டம்



கோலா சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோர் பெட்டி சுமந்து வந்தபோது, ஆடுபுலிக் கட்டத்தை நினைவிலேயே கொண்டு வந்தார்கள். அஞ்சடித் தரையும் கரித்துண்டும் போதும். ரப்பர் கொட்டை ஆடாகும், கூழாங்கல் புலியாகும்.

தமிழ்நாட்டில் பரவலாக வரைவது முக்கோணக் கட்டம்: 23 சந்திப்புகள், 3 புலிகள், 15 ஆடுகள். மலாய்க்காரரின் ரிமாவ் ஆட்டத்திலோ, 25 சந்திப்புள்ள சதுரத்தோடு முக்கோணம் ஒட்டியிருக்கும். அங்கே ஆடில்லை, புலியை வளைப்பவர்கள் மனிதர்கள், 'ஓராங்'. புலி ஒன்றுதான், சில வகையில் இரண்டு.

எந்தக் கட்டத்தை வரைவது? கோடுகளை எண்ணிப் பாருங்கள். பல கோடுகள் கூடுமிடத்தில் புலிக்குத் தாவ வழி அதிகம், மூலையில் குறைவு. ஒரு கோட்டை விட்டு வரைந்தால் ஆட்டத்தின் நியாயமே மாறிவிடும். பிள்ளைகளின் பாதித் தகராறு இதனால்தான்!

தமிழ்நாட்டுக் கோயில்களின் கல்தளங்களில் இத்தகைய கட்டங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஆனால் கல்லின் வயதைக் கட்டத்தின் வயதாகக் கொள்ள முடியாது. யாரும் பின்னாளில் செதுக்கியிருக்கலாம். நம் கரிக்கோடுகளுக்கோ கல்லும் இல்லை. மழையில் பாதி அழிந்தன. லயங்கள் இடிந்தபோது மீதியும் போயிற்று. தோட்டக் கணக்கேடுகள் பால் எடைக்காக எழுதப்பட்டவை.

ஆகவே, வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், தாம் ஆடிய கட்டத்தைத் தாளில் வரையச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயரையும் ஓரத்தில் குறித்து வையுங்கள்.