பல் நகரமும் மிளகாயும்

பல்வலிக்கு மிளகாயை மருந்தாக்கியவர்கள் பண்டைய மெக்சிகோ மக்கள். 16-ஆம் நூற்றாண்டில் பெர்னார்டினோ தெ சஹாகுன் என்ற ஸ்பானியத் துறவி அவர்களது மருத்துவமுறைகளை விரிவாகத் தொகுத்தார். அதே நாட்டின் லாஸ் அல்கோடோனெஸ் சிற்றூரில் இன்று பல் சிகிச்சை முடித்தவர்களுக்கு விலக்கப்படும் உணவுகளில் மிளகாயும் ஒன்று.

அரிசோனாவின் யூமா நகருக்கு அருகே, அமெரிக்க எல்லையோரம் உள்ள இவ்வூர் ஒரு காலத்தில் மதுக்கடைகளை நம்பிப் பிழைத்தது. பின்னர் பல் மருத்துவர்கள் நூற்றுக்கணக்கில் குடியேறினர். அமெரிக்க முதியோருக்கான அரசுக் காப்பீடு பொதுவாகப் பல் செலவை ஏற்பதில்லை. அந்தக் குறையும் இவ்வூரின் வளர்ச்சிக்கு உதவியது. குளிர்காலத்தில் ஓய்வூதியர்கள் நடந்தே எல்லை கடந்து வருகிறார்கள்.

இங்கே பொருத்தப்படும் செயற்கை டைட்டானியம் பல்வேர், ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் கண்டறிந்த முறை. 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார். உலோகம் தாடை எலும்போடு இணையப் பல மாதங்கள் ஆகும். டைட்டானியத்தை மிளகாய் ஒன்றும் செய்யாது. தையல் போட்ட ஈறுதான் பாடுபடும். மிளகாயின் கேப்சைசின் வலி நரம்பைத் தூண்டி எரிச்சல் தரும், விதைகள் தையலிடுக்கில் சிக்கும். ஆகவே மிளகாய்ச் சட்னியான சால்சாவை ஒதுக்கிவிட்டு, ஆறவைத்த கோழிச் சாறு, மசித்த பீன்ஸ், வெண்ணெய்ப்பழம் எனச் சாப்பிட வேண்டியிருக்கும். ஈறு ஆறியதும், வழக்கமாக ஓரிரு வாரங்களில், காரம் சிறிது சிறிதாகத் திரும்பும். மாதங்கள் கழித்து உலோகம் எலும்போடு இணைந்ததும், நிலையான பல்லைப் பொருத்த நோயாளி மீண்டும் எல்லை கடக்கிறார்.