ஒரு மெஷின், பதினோரு பெட்டி, கொஞ்சம் மார்த்தாண்டம்

சிவகாசிக்காரனிடம் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரு லேபிளில் போய் நிற்பான். இந்தப் பதிவு தொடங்குவதே ஒரு லேபிளில்தான். கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு ஒரு தேன் பாட்டில் லேபிள் வேலை வந்தது. ஆர்டர் கொடுத்தவர் குமரி மாவட்டத்துக்காரர். எங்கள் டிசைனர் தம்பி இணையத்தில் தேடி, மஞ்சள் மஞ்சளாக ஒரு அழகான தேனீயைப் பிடித்துப் போட்டிருந்தான். புரூஃப் பார்க்க வந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "தம்பி, இது நம்ம ஈ இல்லியே. இது இத்தாலிக்காரன் ஈ. எங்க தேன்ல இவன எதுக்கு ஒட்டுறீங்க?" என்றார். ஈயிலே என்னய்யா இத்தாலி, இந்தியா என்று எனக்குள் சிரிப்பு. அவர் அங்கேயே நின்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டுப் போனார். அதில் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் இரண்டு பேர், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் அண்ணாச்சி ஒருவர், ஒரு மளிகைக்கடைக்காரர், நான். ஆறு பேர், பதினோரு பெட்டி. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு கையால் சுற்றும் தேன் எடுக்கும் மெஷின் ஒன்று வாங்கினோம். வாத்தியார் வீட்டுத் திண்ணையில் இருக்கும். யாருக்குத் தேவையோ நோட்டில் எழுதி எடுத்துப் போக வேண்டும். பதிவு பண்ணாத சங்கம், தலைவர் கிடையாது. தலைவர் வைத்தால் சண்டை வரும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். தலைவர் இல்லாமலும் சண்டை வந்தது, அது தனிக்கதை. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரு ஐப்பசியில், மழைக்காலம், போர்மேன் அண்ணாச்சியின் பெட்டி ஒன்று நோஞ்சானாகக் கிடந்தது. புழு அடை ஒன்றை வலுவான பெட்டியிலிருந்து எடுத்து நோஞ்சான் பெட்டியில் வைத்தால் குஞ்சுகள் பொரிந்து ஆள்பலம் கூடும். எல்லாரும் செய்வதுதான். என் பெட்டியில் இருந்து ஒரு சட்டம் எடுத்து, ஈயைத் தட்டிவிட்டு, சைக்கிளில் கொண்டுபோய் நான்தான் கொடுத்தேன். சில வாரங்களில் அவர் பெட்டியில் புழுக்கள் செத்துக் கிடந்தன. அறையில் நீட்டி நிமிர்ந்து, தலை மட்டும் படகு முனை மாதிரி தூக்கிக்கொண்டு. எடுத்தால் தண்ணீர் கட்டிய பை மாதிரி வரும். அடுத்தது என் பெட்டி. அப்புறம் தோப்புக்காரர் பெட்டி. தை மாசம் எண்ணும்போது பதினொன்றில் நான்கு மிச்சம்.

வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. மளிகைக்கடைக்காரர், "மெஷின வித்துப் பங்கு பிரிச்சிருவோம்" என்றார். அண்ணாச்சி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. கொடுத்தது நான்தானே.

லேபிள்காரர் நினைவு வந்தது. போன் போட்டால், "இங்க வந்து பாரும்வே, போன்ல சொன்னா புரியாது" என்றார். கோவில்பட்டி, நெல்லை, நாகர்கோவில் என்று பஸ் மாறி மார்த்தாண்டம் போய்ச் சேர்ந்தேன்.

இனி வரலாறு. :-)

நம் ஊரில் பொந்தில், சுவர் இடுக்கில் அடுக்கடுக்காக அடை கட்டும் தேனீயைப் பெட்டியில் பழக்குவது ரொம்பப் பழைய வித்தை அல்ல. அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் 1851-ல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அடைக்கும் சுவருக்கும் நடுவே ஏறக்குறைய கால் அங்குலத்திலிருந்து எட்டில் மூன்று அங்குலம் வரை சந்து விட்டால் தேனீ அதை மெழுகு வைத்து அடைக்காது, நடைபாதையாக விட்டுவிடும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. அதனால் சட்டத்தைத் தனித்தனியாகத் தூக்க முடிந்தது. 1857-ல் ஜெர்மனியில் மெழுகு அச்சுத் தாள் வந்தது. 1865-ல் ஹ்ருஷ்கா என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி சுற்றுவிசையால் தேனை மட்டும் பிரிக்கும் மெஷினைக் காட்டினார். அடையைப் பிழிந்தால் புழு, மகரந்தம், மெழுகு எல்லாம் சேர்ந்து கலங்கித் தேன் வரும். ஈயும் மறுபடி முதலிலிருந்து மெழுகு கட்ட வேண்டும். சுற்றி எடுத்தால் காலி அடையைத் திருப்பி வைத்துவிடலாம். பழைய முறையில் தேன் என்றால் கூட்டை அழிப்பது. மெஷின் வந்த பிறகு கறவை மாடு மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அந்தப் பெட்டி வெள்ளைக்காரன் ஈயின் உடம்புக்குத் தைத்த சட்டை. நம் ஈ சின்னது, கூட்டமும் சின்னது. அதை நமக்கு வெட்டித் தைத்தவர் திருச்சியில் இருந்த நியூட்டன் என்ற ஏசுசபைப் பாதிரியார். 1910-களில் ஏழு சட்டம் கொண்ட சின்னப் பெட்டியைச் செய்து, தென்னாட்டில் பலருக்குச் சொல்லியும் கொடுத்தார். இன்றைக்கும் அது நியூட்டன் பெட்டிதான். பள்ளிக்கூடத்தில் ஆப்பிள் விழுந்த நியூட்டனைப் படித்தோமே, இவரைப் பற்றி ஒரு வரியாவது போட்டிருக்கலாம்.

பெட்டி வந்தது சரி, யார் வளர்ப்பது? அங்கேதான் மார்த்தாண்டம் வருகிறது. பழைய பேர் தொடுவெட்டி. அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். (1956 நவம்பர் 1-ல்தான் நம் பக்கம் சேர்ந்தது.) 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்கே கிராமச் சீரமைப்பு மையம் தொடங்கினார். சுற்றுவட்டாரம் முழுக்கப் பனை ஏறிப் பிழைத்த ஜனம். நிலம் என்றால் வீட்டைச் சுற்றி நாலு சென்ட். ஏறும் சீசன் போனால் வயிற்றுக்கு வழியில்லை. ஹாட்ச் பெரிய பண்ணை எதையும் கொண்டுவரவில்லை. கருப்பட்டியைச் சுத்தமாகக் காய்ச்சுவது, நல்ல ஜாதிக் கோழி, நெசவு, தேனீ. முட்டையைத் தரம் பிரித்து எல்லாரும் சேர்ந்து விற்க ஒரு சங்கம். 1932-ல் இந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் போட்டார். 

தேனீ ஏன் அங்கே பிடித்துக்கொண்டது என்பதற்கு என் கணக்கு இது. மாட்டுக்குப் புல் வேண்டும், கோழிக்குத் தீனி வேண்டும். தேனீ பக்கத்துத் தோட்டத்தில் மேய்ந்துவிட்டு நம் திண்ணைக்கு வந்து படுக்கும். நிலமே இல்லாதவன் செய்யக்கூடிய விவசாயம் அது ஒன்றுதான். அடுத்து ரப்பர். மலையடிவாரத்தில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. ரப்பரில் தேன் வருவது பூவிலிருந்து அல்ல என்று கேட்டபோது நான் நம்பவில்லை. இலையுதிர்ந்து ஜனவரியிலிருந்து மார்ச் வரை புதுத் துளிர் விடும்போது, மூன்று இலைகளும் காம்பில் சேரும் இடத்தில் இனிப்பு நீர் கசியும். தேனீ அதைத்தான் உறிஞ்சுகிறது. பூவே தேவையில்லை! இதற்காக இரவில், ஈ எல்லாம் அடைந்த பிறகு வாசலை மூடி, பெட்டிகளை லாரியில் ஏற்றித் தோட்டங்களுக்குக் கொண்டு போகிறார்கள்.

ஆனால் திண்ணைக்குத் திண்ணை நாலு பெட்டி வைத்திருப்பவன் தனியாக மெஷின் வாங்க முடியாது. நம் ஈயின் தேனில் தண்ணீர்ச் சத்தும் கூடுதல், சும்மா வைத்தால் பொங்கிப் புளித்துவிடும். இதமாகச் சூடு காட்டி வடிகட்ட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் நம்பிக்கை. கருப்பட்டிப் பாகைக் கலந்து தேன் என்று விற்பவன் எல்லாக் காலத்திலும் உண்டு, வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? அதனால் 1930-களில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. உறுப்பினர் தேனைக் கொண்டுவந்து கொட்டுவார். சங்கம் சோதித்து, வடித்து, முத்திரை போட்டு விற்கும். பெட்டியும் சாமானும் அங்கேயே கிடைக்கும். அக்மார்க் முத்திரைக்கான சட்டம் வந்தது 1937-ல். மார்த்தாண்டம் தேன் என்றால் ஒரு மரியாதை வந்தது இப்படித்தான். இப்போது புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது.

இதைக் கேட்கக் கேட்க எனக்கு விருதுநகர்தான் நினைவு வந்தது. எங்கள் பக்கம் மகமை என்று ஒன்று உண்டு. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஊருக்கு ஒரு சின்னப் பங்கு. அந்தக் காசிலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியிலும் பள்ளிக்கூடம் நடந்தது. 1889-ல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலையில்தான் காமராஜர் படித்தார். தனியாகப் பார்த்தால் பிடி அரிசியில் என்ன இருக்கிறது? வாத்தியார் திண்ணையில் இருக்கும் எங்கள் மெஷினும் ஒருவகையில் பிடி அரிசிதான் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. ஆனால் அரிசியில் நோய் வராது.

லேபிள்காரர் என்னை ஒரு பெரியவரிடம் கூட்டிப் போனார். எண்பதைத் தாண்டியவர். தகப்பனார் காலத்திலிருந்து தேனீக்காரர். நான் கண்ட புழுவை வர்ணித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதும் மக்ளே. நான் பாத்திருக்கேன்."

தாய்லாந்தில் 1976-ல் கண்டுபிடித்த வைரஸ் அது. தாய் சாக்புரூட் என்று பேர். இந்தியாவில் 1978-ல் வடகிழக்கில் தலைகாட்டி, இமயமலைப் பக்கம் பரவி, 1991-ல் கேரளத்துக்கும் குமரிக்கும் வந்து சேர்ந்தது. தென்னாட்டில் பெட்டிகளில் இருந்த கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் போயின. புழுவைத்தான் அது கொல்லும். பெரிய ஈக்கு வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் சுமந்துகொண்டு திரியும். மருந்து அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

"ஈ சாவல கேட்டியா, பிள்ளைங்கதான் செத்துது. பிள்ள இல்லாத வீட்டுல ஈ எத்தன நாள் இருக்கும்? பெட்டிய தொறந்தா காலி. ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலயும் காலிப் பெட்டி அடுக்கி வச்சிருந்தோம். மழைக்கு அடுப்பெரிச்சோம்."

எப்படிப் பரவியது என்று கேட்டேன். சிரித்தார். அடை மாற்றினோம், ராணி கொடுத்தோம், கூட்டம் பிரித்து அண்ணன் தம்பிக்குக் கொடுத்தோம், ஒரே லாரியில் ஏற்றி ஒரே தோட்டத்தில் இறக்கினோம் என்றார். ஊரே ஒரு குடும்பமாக இருந்ததுதான் தொழிலை வளர்த்தது. நோய்க்கும் அதே பாதைதான் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சங்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது, வைரஸ் எப்படியும் வந்திருக்கும். ஆனாலும் அவர் சொல்லும்போது என் சைக்கிளும் அந்த ஒற்றைச் சட்டமும் கண்ணுக்குள் வந்து நின்றன.

சிலர் இத்தாலிய ஈக்கு மாறினார்கள். (1962-ல் இமாச்சலத்தில் நக்ரோட்டாவில் அது நம் நாட்டில் நிலைகொண்டது.) மற்றவர்கள் காத்திருந்தார்கள். காட்டுப் பொந்துகளிலும் ஒன்றிரண்டு பெட்டிகளிலும் தப்பிப் பிழைத்த கூட்டங்கள் இருந்தன. அவற்றைப் பிடித்து, பிரித்து, பெருக்கினார்கள். இன்று அங்கே பெட்டிகளில் இருப்பவை அந்தப் பிழைத்த வம்சம்.

"உன் கையில எத்தன மிச்சம்?" என்றார்.

"நாலு, ஐயா."

"நாலு இருக்கா! பின்ன எதுக்கு மூஞ்ச தொங்கப் போட்டுட்டு வந்த? அதுலேருந்துதான் பிரிக்கணும். செத்த பெட்டி அடைய எரி. நோய் தெரிஞ்சா ராணிய கொஞ்ச நாள் கூண்டுல போடு, புது முட்டை விழாது, ஈ பழசையெல்லாம் இழுத்து வெளிய போட்டு அறைய சுத்தம் பண்ணும். மெஷின குடு, புழு அடைய குடுக்காத."

ஊர் திரும்பியதும் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் கூடினோம். அண்ணாச்சியும் வந்தார், ஓரமாக உட்கார்ந்தார். நான் கேட்டதையெல்லாம் சொன்னேன். மளிகைக்கடைக்காரர் மெஷினை விற்கும் பேச்சை மறுபடி எடுத்தார். அப்போதுதான் அண்ணாச்சி வாயைத் திறந்தார். "எங்க ஆலையில ஒரு ரூம்ல இத்தன பேருதான், இத்தன கிலோ மருந்துதான்னு கணக்கு. ரூமுக்கு ரூம் இடைவெளி. ஒண்ணு புடிச்சா இன்னொண்ணுக்குப் போகக்கூடாது. அதுக்காக ஆலைய மூடிட்டா போறோம்?"

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கேட்கும் விஷயம் அது. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு நோட்டில் நாலு வரி எழுதினோம். அடை, ராணி கொடுக்கல் வாங்கல் கிடையாது. பெட்டி திறக்கும் கத்தி ஆளுக்கொன்று. மெஷினைக் கொதிநீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்துத்தான் அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும், கழுவிய தேதி எழுத வேண்டும். விற்கும் ஒவ்வொரு கிலோ தேனுக்கும் ஒரு சின்னத் தொகை மகமை. கூட்டம் செத்தவருக்கு அதிலிருந்து காலிப் பெட்டிக்கு மறுபடி ஈ பிடிக்கும் செலவு.

செத்த பெட்டிகளின் அடைகளை அண்ணாச்சி தோட்டத்தில் குழி வெட்டி எரித்தோம். தீ வைப்பதில் அவர் கை பழகிய கை, காற்று பார்த்து நிற்கச் சொன்னார். மெழுகு நன்றாகப் பிடித்து எரிந்தது.

பிழைத்த நான்கில் ஒன்று என்னுடையது. அடுத்த மாசி மாசம் அதை இரண்டாகப் பிரித்தேன். பிரித்த கூட்டம் யாருக்கு என்று நோட்டில் சீட்டு எழுதவில்லை. மூன்று மாசம் என் வீட்டிலேயே தனியாக வைத்து, புழு சுத்தமாக இருக்கிறதா என்று வாத்தியார் இரண்டு தடவை வந்து பார்த்த பிறகு, அண்ணாச்சி வீட்டு வேப்பமரத்தடியில் இறக்கினோம். வாசலைத் திறந்துவிட்டு அவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கால்ல மஞ்சளா என்னமோ கொண்டு வருதுடே" என்றார் என்னிடம்.