பத்திக்குள் அடைபட்ட வரி: லிக்ஸ் எடிட்டரில் நோவெப் நிரல்

நிரலையும் அதன் விளக்கத்தையும் ஒரே ஆவணமாக எழுதும் லிட்டரேட் புரோகிராமிங்கின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிறிஸ்டோபர் வான் வைக்கிடம் வந்து நின்றுவிடுகிறார்கள். 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்' இதழில் 1987 முதல் அந்த முறைக்கென ஒரு தொடர்பகுதியை நடத்திய அவர், 1990 மார்ச்சில் அதை முடித்துவைத்து ஒரு மதிப்பீடு எழுதினார். தொடர்பகுதிக்கு அனுப்பப்பட்ட நிரல்கள் அனைத்தும் அவரவர் தாமே செய்துகொண்ட கருவியில் எழுதப்பட்டவை. பிறர் செய்த கருவியை எடுத்து எழுத யாரும் முன்வரவில்லை என்பது அதில் அவர் சொன்ன முக்கியமான செய்தி. இந்த முறை கைமாறாதது, ஆளுக்கொரு பாணியாகவே நின்றுவிடுவது என்ற முடிவை அதிலிருந்து பலர் எடுத்துக்கொண்டார்கள். அவர் கண்டதை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து எழும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

கருவிகள் ஏன் பெருகின என்பதை முதலில் பார்க்க வேண்டும். டொனால்ட் கனூத்தின் வெப், பாஸ்கலுக்காகச் செய்யப்பட்டது. ஒரே மூலக் கோப்பிலிருந்து டேங்கிள் கணினிக்கான நிரலையும், வீவ் கனூத்தின் அச்சுக்கோப்பு அமைப்பான டெக்குக்குரிய ஆவணத்தையும் எடுத்தன. வீவ் பாஸ்கலின் இலக்கணத்தை அறிந்துதான் அச்சை அழகுபடுத்தியது. ஆகவே மொழி மாறினால் கருவியையும் மாற்ற வேண்டியிருந்தது. சி மொழிக்காக ஹெரால்ட் திம்பிள்பி ஒன்றைச் செய்தார். கனூத்தும் சில்வியோ லெவியும் 1987-ல் சிவெப்பைக் கொண்டுவந்தார்கள். வான் வைக்குக்கு வந்து சேர்ந்தவர்கள் தனிக் கருவி செய்தது தன்விருப்பத்தால் மட்டும் அல்ல. பொதுக் கருவி என்று ஒன்று கையில் இல்லாததாலும்தான்.

அந்தப் பொதுக் கருவி நார்மன் ராம்சேயின் நோவெப். எந்த மொழியின் இலக்கணமும் அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இதை எந்த ஆண்டில் வைப்பது என்பதில் எனக்குத் தெளிவான விடை இல்லை. ராம்சே அதைத் தொடங்கியது 1989. அதை விளக்கும் கட்டுரை 'ஐஇஇஇ சாஃப்ட்வேர்' இதழில் வந்தது 1994 செப்டம்பர். முதல் ஆண்டைக் கொண்டால், வான் வைக் எழுதியபோதே அவர் கூற்றுக்கு எதிர்ச்சான்று பிறந்துவிட்டது. இரண்டாவதைக் கொண்டால், அவர் தம் காலத்துக்குச் சரியாகவே பேசினார். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், ஆனால் அழுத்திச் சொல்லமாட்டேன். பின்னால் நடந்ததில் மட்டும் ஐயம் இல்லை: 2002-ல் ஃபிரெட்ரிக் லெய்ஷ் ஆர் மொழிக்கான ஸ்வீவ் என்ற கருவியைச் செய்தபோது நோவெப்பின் குறிகளை அப்படியே எடுத்துக்கொண்டார். கருவி கைமாறியது.

அப்படியானால் தடை எங்கே இருந்தது? எழுதுகிற இடத்தில் என்பது என் வாதம். கனூத்தின் முறையில் ஆசிரியர் குறிகள் நிறைந்த சாதாரண எழுத்துக் கோப்பில் வேலை செய்கிறார். அழகான பக்கத்தை வேறொரு நேரத்தில், தாளில் பார்க்கிறார். வான் வைக் அச்சான பக்கத்தையும் அதை உண்டாக்கிய கருவியையும் எடைபோட்டார். எழுதுகிறவர் முன்னால் நாள் முழுதும் இருக்கும் திரை அவர் ஆய்வில் இடம்பெறவில்லை.

அந்தத் திரையை மாற்றிப்பார்த்த முயற்சிகளில் என்னைப் பெரிதும் ஈர்ப்பது லிக்ஸ். ஜெர்மனியின் டூபிங்கனில் மாணவராயிருந்த மத்தியாஸ் எட்ரிச் 1995-ல் தொடங்கிய எடிட்டர் அது. தலைப்பு தலைப்பாகவும் சூத்திரம் சூத்திரமாகவும் திரையில் தெரியும். பின்னணியில் டெக்கின் வழிவந்த லாடெக் அச்சுக்கோக்கும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அதற்குள் நோவெப் ஆதரவு வந்து சேர்ந்தது. விளக்கத்தையும் நிரலையும் ஒரே ஆவணத்தில், திரையிலேயே வடிவோடு பார்த்து எழுதலாம் என்பது நோக்கம்.

இங்கேதான் நான் நின்று பார்க்க விரும்பும் சான்று கிடைக்கிறது. நிரல்துண்டுக்காக லிக்ஸ் வைத்த பத்திப் பாணியின் பெயர் 'ஸ்கிராப்'. அதன் வரையறை உள்ள சிறு கோப்பில் எழுத்துரு, இடைவெளி பற்றிய வழக்கமான வரிகளுக்கு இடையே மூன்று வரிகள் இருந்தன: நியூலைன் 0, ஃப்ரீஸ்பேசிங் 1, பாஸ்த்ரு 1. மேலோட்டமாகப் பார்க்கிறவர் கடந்துபோய்விடக்கூடிய வரிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் எடிட்டரின் ஒரு அடிப்படைக் கொள்கையை நிறுத்திவைக்கிறது. வரிமுறிவை லாடெக்கின் வரிமுறிவுக் கட்டளையாக மாற்றாதே என்கிறது முதலாவது. லிக்ஸில் சொற்களுக்கிடையே ஒரு இடைவெளிக்கு மேல் தட்ட முடியாது. அந்த விதியைத் தளர்த்துகிறது இரண்டாவது. உள்ளே இருப்பதைத் தொடாமல் அப்படியே வெளியே அனுப்பு என்கிறது மூன்றாவது. ஒரு காட்சி எடிட்டர் தன் ஆவணத்தின் ஒரு பகுதிக்குள் மட்டும் காட்சி எடிட்டராக இருப்பதை விட்டுவிடுகிறது.

இந்த மூன்று வரிகளின் விளைவு பயன்படுத்துகிறவரின் விரலில் தெரிந்தது. லிக்ஸில் என்டர் தட்டினால் பத்தி முடியும். பத்திகளுக்கு நடுவே வெளியீட்டில் ஒரு வெற்று வரி விழும். ஆகவே நிரலின் ஒவ்வொரு வரி முடிவிலும் கன்ட்ரோல் விசையோடு என்டர் தட்ட வேண்டியிருந்தது. நாற்பது வரி நிரல் என்றாலும் லிக்ஸின் கணக்கில் அது ஒரே பத்தி. லிக்ஸ் சேமிக்கும் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு நிரல்வரிக்கும் அடுத்து நியூலைன் என்ற கட்டளை தனி வரியாக நிற்கும். அதே துண்டு நோவெப் கோப்பாக வெளியேறும்போது அந்தக் கட்டளைகள் மறைந்து, வரிகள் மீண்டும் வரிகளாகின்றன.

ஒன்றை வலியுறுத்த வேண்டும். இதற்கு நேர்ச்சான்று குறைவு, ஆயினும் கருவிகளின் இயல்பிலிருந்தே இது தேறும். வரிக்கும் பத்திக்குமான இந்த மோதல் கனூத்தின் வெப்பில் இவ்வளவு கூர்மையாக எழுந்திருக்காது. டேங்கிள் இடைவெளிகளையும் வரிமுறிவுகளையும் குறிப்புரைகளையும் தூக்கி எறிந்து, மனிதர் படிக்க முடியாதபடி வரிகளை நெருக்கி அடைத்தே பாஸ்கலை வெளியிட்டது. அச்சில் வரிகளை எங்கே முறிப்பது என்பதையும் வீவ் தானே முடிவுசெய்தது. மூலக் கோப்பில் வரி எங்கே முடிந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான். பத்தியாகச் சிந்திக்கும் எடிட்டருக்கு அது இணக்கமான இயல்பு. நோவெப்போ மொழியை அறியாதது, அதனாலேயே ஆசிரியரின் வரிகளையும் உள்தள்ளலையும் அப்படியே காக்க வேண்டியது. ஒரு துண்டைத் திறக்கும் இரட்டைக் கோண அடைப்பு வரியின் முதல் நெடுவரிசையிலேயே நிற்க வேண்டும். விளக்கத்துக்குத் திரும்பும் @ குறியும் அப்படியே. எந்தக் குணம் நோவெப்பைப் பொதுக் கருவியாக்கியதோ, அதே குணம் அதைப் பத்தி எடிட்டருக்குள் அடங்காததாக்கியது. வான் வைக் தேடியது கிடைத்தபோது தடை வேறிடத்துக்கு நகர்ந்திருந்தது.

லிக்ஸ் சாதித்ததையும் குறைத்துச் சொல்லக்கூடாது. நிரலைக் கட்டும் கட்டளைகளையே 'பில்ட்-ஸ்கிரிப்ட்' என்ற பெயரில் ஒரு துண்டாக ஆவணத்துக்குள் எழுதலாம். லிக்ஸ் நோவெப்பின் நிரலெடுக்கும் கருவியான நோடேங்கிளை அழைத்து அந்தத் துண்டை எடுத்து இயக்கும். தொகுப்பி பிழை சொன்னால் அது ஆவணத்தில் உரிய இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கும். வெளியேறும் கோப்பின் ஒவ்வொரு வரியும் எந்தப் பத்தியில் எந்த இடத்திலிருந்து வந்தது என்ற அட்டவணையை லிக்ஸ் வைத்திருப்பதால் இது சாத்தியமாயிற்று. வரியும் பத்தியும் உண்மையில் சமாதானமான ஒரே இடம் இந்த அட்டவணைதான் என்று நினைக்கிறேன். முந்தைய ஆய்வுகளில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

ஆனால் துண்டுகளுக்கு இடையிலான உறவை லிக்ஸ் அறியவே இல்லை. ஒரு படத்துக்கோ அத்தியாயத்துக்கோ தரும் குறுக்குச்சுட்டு அங்கே ஒரு பொருள். சொடுக்கினால் உரிய இடத்துக்குப் போகலாம். ஒரு துண்டு இன்னொரு துண்டை அழைப்பதோ கோண அடைப்புக்குள் தட்டச்சிட்ட வெறும் எழுத்து. எந்தத் துண்டு எங்கே பயன்படுகிறது என்பது நோவெப்பின் அச்சுக் கருவியான நோவீவ் ஓடிய பிறகு அச்சில்தான் தெரியும். கனூத் வெப்பில் எழுதிய டெக்கின் நிரல் புத்தகத்தில் 1380 பிரிவுகளையும் ஒன்றோடொன்று கோத்து வைப்பது இந்தச் சுட்டுகள்தான்; லிட்டரேட் புரோகிராமிங்கின் உயிர் அங்கே இருக்கிறது. அதைத் திரைக்குக் கொண்டுவராமல் தலைப்புகளை மட்டும் அழகாகக் காட்டுவது பாதி வேலை.

என் வாதத்துக்கு எதிராக ஒன்று நிற்கிறது. லிக்ஸின் சொந்த மூலநிரலே சி++ கோப்புகளாக வழக்கமான முறையில்தான் எழுதப்பட்டது. தாம் செய்த எடிட்டரை அதைச் செய்தவர்களே இந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்றால், திரை மாறினாலும் பழக்கம் மாறாது என்று வான் வைக் பக்கம் நிற்பவர் சொல்லலாம். அதை என்னால் முழுவதும் தள்ள முடியவில்லை.

லிக்ஸின் 2.0 பதிப்பு 2011-ல் வந்தபோது நோவெப் தனி ஆவண வகுப்பாக இல்லாமல், எந்த வகுப்போடும் சேர்த்துக்கொள்ளும் தொகுதியாகிவிட்டது. பாணிக் கோப்புகளில் 'பார்பிரேக்-இஸ்-நியூலைன்' என்ற அமைப்பும் புழங்கத் தொடங்கியது: பத்தி முடிந்தாலும் வெற்று வரி விடாதே, வரியை மட்டும் முறி. பாஸ்த்ருவோடு சேர்த்தால் அந்தப் பகுதி சாதாரண எழுத்து எடிட்டரைப் போல நடந்துகொள்ளும். நிரல் எழுதுகிறவர் இனி என்டரை மட்டும் தட்டினால் போதும். இதைத் தீர்வாகக் கொள்வதா, கனூத் தொடங்கிய எழுத்துக் கோப்புக்கே ஒரு பெட்டிக்குள் திரும்பியதாகக் கொள்வதா என்பது, துண்டுகளுக்கிடையிலான சுட்டுகளைத் திரையிலேயே பொருளாக்கும் எடிட்டர்களையும் இதனோடு வைத்து ஒப்பிட்ட பின்பே சொல்லத்தக்கது.