மின்வெட்டும் வீட்டு மின்கலமும்

திருவனந்தபுரத்தில் பவர் ஹவுஸ் சாலை என்றொரு வீதி உண்டு. 1929-ஆம் ஆண்டில் அந்நகருக்கு ஒளியூட்டத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் நினைவை அப்பெயர் இன்றும் தாங்கி நிற்கிறது. பின்னர் 1940-இல் பள்ளிவாசலும் 1976-இல் இடுக்கியும் எழுந்தன, மலையாறுகளே விளக்கேற்றின. ஆயினும் வானம் பார்த்த பூமியைப் போல வானம் பார்த்த விளக்காகவும் அது ஆயிற்று. 1980-களின் வறட்சியில் மின்வெட்டு வந்தது. 2012-இல் மழை குறைந்தபோது காலையில் அரைமணி, மாலையில் அரைமணி என முறை வகுத்தனர். இன்வெர்ட்டர் என்னும் கருவி இல்லங்களில் இடம்பெற்றமைக்கு இத்தகைய காலங்களே காரணம் என்பது நம் கருத்து.

அக்கருவிக்கு உயிர் மின்கலம். பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே 1859-இல் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் இட்டு ஆக்கிய கலத்தின் வழிவந்ததையே இன்றும் பல வீடுகள் நம்பியிருக்கின்றன. மோட்டார் வண்டியின் மின்கலத்தை வைத்துவிட்டுச் சிக்கனம் என்று மகிழ்வோரும் உளர். அது வண்டியைக் கிளப்பும் சில நொடிகளில் பெருமின்னோட்டம் தருவதற்கென மெல்லிய தகடுகளால் ஆனது. மணிக்கணக்கில் வடித்தால் விரைவில் நலியும். வீட்டிற்கு ஏற்றது, ஈயப் பொருளைக் குழல்களுள் அடைத்த வகை. கடையில் டியூபுலர் என்பர்.

இரண்டு மின்விசிறிகளும் நான்கு எல்.இ.டி. விளக்குகளும் ஏறத்தாழ 200 வாட்டு கொள்ளும். அரைமணிக்கு 100 வாட்டு-மணி போதும். 12 வோல்ட்டு, 150 ஆம்பியர்-மணி மின்கலத்தின் ஏட்டளவு 1,800 வாட்டு-மணி. அதில் பாதிக்குமேல் வடிக்காதிருந்தால் ஆயுள் நீளும். அந்தப் பாதியே ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாங்கும். வறட்சிக் கால அரைமணி வெட்டுக்கு இது மிகை. ஆனால் 2017-இல் ஒக்கிப் புயல் வந்தது போல் மரம் சாய்ந்து கம்பி அறுமாயின், இருள் கடிகாரம் பார்த்து விலகுவதில்லை.

புயலுக்கெனக் காத்திருக்கும் கலம் ஆண்டின் பெரும்பகுதி சும்மா இருப்பது. சும்மா இருக்கும்போதும் அதன் நீர் குறையும். வாலைவடிநீர் ஊற்ற மறந்தால் தகடு காயும். மின்னேற்றும்போது எரியக்கூடிய வாயு எழுமாதலால் காற்றோட்டமும் வேண்டும். இத்தொல்லைகள் லிதியம் கலத்திற்கு இல்லை. கொள்ளளவின் பெரும்பகுதியையும் பயன்படுத்தலாம். விலைதான் மிகுதி. அதே நகரிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், விண்கலப் பணிக்கென உருவாக்கிய லிதியம்-அயனிக் கலத்தின் தொழில்நுட்பத்தை 2018-இல் இந்தியத் தொழிலகங்களுக்கு வழங்க முன்வந்தது. ஆயினும் வீட்டிலுள்ள பழைய இன்வெர்ட்டர் லிதியத்திற்கு ஏற்றபடி மின்னேற்றுமா என்று கேட்டறிந்த பின்னரே பணப்பையைத் திறத்தல் வேண்டும்.