பெட்டியின் மேல் ஒரு நாவல்

நான் சுருட்டுப் பிடிப்பவன் அல்ல. புகை மண்டிய அறையில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் எனக்குத் தலை வலிக்கும். ஆயினும் என் எழுது மேஜையின் மேல் ஒரு சுருட்டுப் பெட்டி இருக்கிறது. வெளிநாடு போய்வந்த நண்பர் ஒருவர் கொடுத்தது. உள்ளே இருந்த சரக்கை அவர் தீர்த்துவிட்டார். காலிப் பெட்டி என் பங்குக்கு வந்தது. பேனாவையும் பென்சிலையும் அதில் போட்டு வைத்திருக்கிறேன்.

அழகான பெட்டி. வாள்களை முக்கோணமாகப் பின்னி, நடுவில் ஒரு பூவை வைத்துச் சின்னம் போட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு பெயர்: மாண்டிகிறிஸ்டோ. கியூபா தேசத்துச் சுருட்டுகளில் உலகமெங்கும் பேர்போனது அது.

கதை படிக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும். செய்யாத குற்றத்துக்காகக் கடல் நடுவே ஒரு கோட்டையில் பதினான்கு வருஷம் அடைபட்டுக் கிடந்து, தப்பி, மாண்டிகிறிஸ்டோ என்ற தீவிலே புதையலை எடுத்து, அந்தத் தீவின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு பழி தீர்க்க வந்தானே எட்மண்ட் டாண்டே, அவன் கதைதான். அலெக்ஸாண்டர் டூமா அதை 1844 முதல் 1846 வரை பாரிஸ் பத்திரிகை ஒன்றில் தொடர்கதையாக எழுதினார். பாரிஸ் நகரத்துத் தொடர்கதை அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி ஒரு சுருட்டுப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தது எப்படி? அந்த விசித்திரத்தைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்த சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

1492-ஆம் ஆண்டில் கொலம்பஸின் கப்பல் கியூபாவை அடைந்தது. கரையில் இறங்கிய அவருடைய ஆட்கள், அந்தத் தீவின் பூர்வ குடிகள் ஏதோ ஓர் இலையைச் சுருட்டிப் பற்ற வைத்துப் புகையை இழுப்பதைக் கண்டு திகைத்தார்கள். அந்தத் திகைப்பு வெகு சீக்கிரம் ஆசையாயிற்று, ஆசை வியாபாரமாயிற்று. 1717-இல் ஸ்பெயின் அரசாங்கம் கியூபாவின் புகையிலை முழுவதையும் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பயிரிட்ட குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், அடக்கப்பட்டார்கள். சரியாக நூறு வருஷம் கழித்து, 1817-இல்தான் அந்தத் தளை அறுந்தது. அதன் பிறகு ஹவானா நகரத்தில் தெருவுக்குத் தெரு சுருட்டுத் தொழிற்சாலைகள் தோன்றின. தொழிற்சாலை பெருகினால் போட்டி பெருகும். போட்டி பெருகினால் பெயர் வேண்டும் அல்லவா?

முதலில் முதலாளிகள் தங்கள் பெயரையே வைத்தார்கள். உப்மான் என்ற ஜெர்மானியர் ஹவானாவில் பாங்கி நடத்தியவர். 1844-இல் அவர் பெயரில் சுருட்டு வந்தது. அந்த பாங்கி 1922-இல் முறிந்து போயிற்று. பெயர் மட்டும் முறியவில்லை. இன்றும் பெட்டியின் மேல் உப்மான் இருக்கிறார். அடுத்த ஆண்டு, 1845-இல், ஹைமே பார்த்தகாஸ் என்பவர் தம் தொழிற்சாலையைத் தொடங்கினார். அவர் 1868-இல் கொலையுண்டு மாண்டார். சுருட்டு மாளவில்லை.

சிலர் மண்ணின் பெயரை வைத்தார்கள். கியூபாவின் மேற்குக் கோடியில் பினார் தெல் ரியோ என்ற மாகாணம் இருக்கிறது. அங்கே வுவெல்த்தா அபாஹோ என்ற வட்டாரத்தில் விளையும் இலைக்கு ஈடு இணை கிடையாது என்பார்கள். நம் பக்கத்தில் ‘காவேரிப் பாசனம்’ என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வருமே, அப்படி. அங்கே ஹோஸே ஹெனேர் என்பவருக்கு ஒரு பள்ளத்தாக்கு நிலம் இருந்தது. அந்தப் பள்ளத்தின் பெயரையே சுருட்டுக்கு இட்டார்: ஓயோ தே மாந்தெரே. இது 1865-ஆம் ஆண்டுச் செய்தி.

அதே 1865-இல்தான் ஹவானாவில் இன்னொரு காரியமும் நடந்தது. அதைப் புரிந்துகொள்ள, அந்தத் தொழிலை ஒரு கணம் மனக்கண்ணால் பார்க்க வேண்டும்.

நீண்ட கூடம். பள்ளிக்கூடம் போல வரிசை வரிசையாக மேஜைகள். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு பலகை, வளைந்த ஒரு கத்தி, கொஞ்சம் பசை. காரத்துக்கு ஓர் இலை, மணத்துக்கு ஓர் இலை, சீராக எரிய ஓர் இலை என்று உள்ளே அடுக்கி, மற்றோர் இலையால் கட்டி, கடைசியில் பட்டுப் போன்ற மேல் இலையைச் சுற்ற வேண்டும். இயந்திரம் இல்லை, ஆகவே இரைச்சலும் இல்லை. கைக்கும் கண்ணுக்கும் ஓயாத வேலை. காதுக்கு மட்டும் வேலையே இல்லை. காலை முதல் மாலை வரை அந்தக் காதுகள் பசித்துக் கிடந்தன.

ஸதுர்னினோ மார்த்தினெஸ் என்று ஒருவர். பார்த்தகாஸ் தொழிற்சாலையில் சுருட்டுச் சுற்றியவர், கவிஞரும்கூட. தொழிலாளருக்கென்று 1865-இல் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். ஆனால் பத்திரிகை வந்து என்ன பயன்? பலருக்கு எழுத்துத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படித்தால் மற்றவர்கள் கேட்கலாமே என்ற யோசனை எழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், எல் ஃபிகாரோ என்ற தொழிற்சாலையில் ஒருவர் எழுந்து நின்று படிக்க ஆரம்பித்தார். படிக்கிறவருக்கு அன்றைய கூலி போய்விடும் அல்லவா? அதை மற்றவர்கள் தங்கள் கூலியிலிருந்து ஈடுகட்டினார்கள். சில வாரங்களுக்குள் பார்த்தகாஸிலும் வாசிப்புத் தொடங்கியது. முதலாளி பார்த்தகாஸ் படிப்பவருக்கு மேடை போட்டுக் கொடுத்தார். ஆனால் படிப்பவருக்குப் பணம் கொடுத்தவர் முதலாளி அல்லர், கேட்டவர்கள். இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் தயவு செய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதைப் படிப்பது? காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். எந்த நாவல் என்பதைத் தொழிலாளர்களே தீர்மானித்தார்கள். கதையின் ஒரு கட்டம் மனத்தைத் தொட்டால் கைதட்ட முடியாது. கையில் வேலை இருக்கிறது. ஆகவே வளைந்த கத்தியின் முனையால் பலகையைத் தட்டுவார்கள். அந்தக் கூடம் முழுவதும் ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான கத்திகள் தட்டும் ஓசையைக் கற்பனை செய்து பாருங்கள். பொன்னாடையையும் பூமாலையையும் பார்த்துப் பழகிப்போன எழுத்தாளர்களுக்கு அந்தப் பாக்கியம் லேசில் கிடைக்காது!

சர்க்கார் சும்மா இருக்குமா? ஊமை என்று நினைத்திருந்தவன் காது கேட்கத் தொடங்கினால், அடுத்தபடி வாயைத் திறப்பான் என்பது ஆள்பவர்களுக்குத் தெரியும். 1866 மே மாதம் வாசிப்பைத் தடை செய்தார்கள். 1868-இல் ஸ்பெயினுக்கு எதிராகச் சுதந்தர யுத்தம் மூண்டது. ஏராளமான சுருட்டுத் தொழிலாளர்கள் கடலைக் கடந்து அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவுக்கும், பின்னால் டாம்பா நகரத்துக்கும் போனார்கள். படிப்பவரின் மேடையும் அவர்களோடு போயிற்று. 1891-இல் ஹோஸே மார்ட்டி டாம்பாவுக்கு வந்து விடுதலைக்குக் குரல் கொடுத்தபோது, அதைக் கேட்கப் பழகிய காதுகள் அங்கே தயாராக இருந்தன. கூலியில் ஒரு பகுதியைப் போருக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். 1895-ஆம் ஆண்டுப் புரட்சிக்கான உத்தரவே ஒரு சுருட்டுக்குள் சுற்றப்பட்டுத்தான் கியூபாவை அடைந்தது என்று ஒரு கதையும் வழங்குகிறது. டாம்பா முதலாளிகள் 1931-இல் படிப்பவரை இறக்கிவிட்டு ரேடியோவை வைத்தார்கள். கியூபாவிலோ தடை நீங்கிய பிறகு மீண்டும் எழுந்த குரல் ஓயவில்லை.

அந்தக் குரல் சுருட்டுப் பெட்டிகளின் மேலும் விழுந்தது. 1875-இல் தோன்றிய ஒரு சுருட்டுக்கு ஷேக்ஸ்பியரின் காதலர்களான ரோமியோவும் ஜூலியட்டும் பெயர் கொடுத்தார்கள். 1903-இல் அதை வாங்கிய ரோட்ரிகஸ் என்பவர் தம் பந்தயக் குதிரைக்கும் ஜூலியட் பெயரை வைத்தார். வெரோனா நகரத்தில் ஜூலியட்டின் வீடு என்று காட்டுகிறார்களே, அதை விலைக்கு வாங்க முயன்று முடியாமல் திரும்பினார் என்றும் சொல்வார்கள். டான் குயிக்ஸாட்டின் பின்னால் கழுதையேறிப் போன ஸாஞ்சோ பான்ஸாவுக்கும் ஒரு சுருட்டு உண்டு. 1935-இல் அலோன்ஸோ மெனெந்தெஸ் என்பவர் புதிய சுருட்டு ஒன்றைக் கொண்டுவந்தபோது, தொழிலாளர்கள் மிகவும் விரும்பிக் கேட்ட கதையின் பெயரையே அதற்கு இட்டார்கள். என் மேஜையின் மேல் இருக்கும் பெட்டியின் ஜாதகம் இதுதான். சுருட்டை விற்பவர்களே இந்த வரலாற்றைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

இருபத்தைந்து வருஷம் கழித்து, டூமாவே எழுதியிருக்கக்கூடிய ஒரு திருப்பம் வந்தது. 1959-இல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றது. 1960 செப்டம்பர் 15-ஆம் தேதி சுருட்டுத் தொழிற்சாலைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. முதலாளிகள் தேசத்தை விட்டு வெளியேறினார்கள். நிலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக முடியுமா? கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? எடுத்துப் போகக்கூடியதாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பெயர்.

மெனெந்தெஸ் குடும்பத்தார் அட்லாண்டிக்கிலுள்ள கனாரித் தீவுகளுக்குப் போய் மறுபடியும் தொழில் தொடங்கினார்கள். பின்னர் அந்தப் பெயர் டொமினிக்கன் குடியரசுக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவில் அந்தப் பெயர்கள் பழைய முதலாளிகளுக்கே சொந்தம் என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. கியூபா சர்க்காரோ எல்லாப் பெயர்களையும் அழித்துவிட்டு, ஸிபோனே என்ற ஒரே பெயரில் விற்றுப் பார்த்ததாம். வாங்குவோர் முகம் சுளித்தார்கள். வேறு வழியில்லாமல் பழைய பெயர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள் என்பது புகையிலை வியாபாரிகள் சொல்லும் செய்தி. ஆக, இன்று உலகத்தில் இரண்டு மாண்டிகிறிஸ்டோ, இரண்டு உப்மான், இரண்டு பார்த்தகாஸ்! ஒன்று கியூபாவின் மண்ணில் விளைந்தது. மற்றது அந்த மண்ணை விட்டுப் போனவர்களின் வழியில் வந்தது.

இதில் வேடிக்கையும் இல்லாமல் இல்லை. 1962 பிப்ரவரியில் ஜனாதிபதி கென்னடி கியூபா சரக்குகளுக்குத் தடை போட்டார். போடுவதற்கு முந்தின மாலையில் தம் பத்திரிகைச் செயலாளர் ஸாலிஞ்சரைக் கூப்பிட்டு, ஆயிரம் உப்மான் சுருட்டு வேண்டும் என்றார். மறுநாள் காலை ஆயிரத்து இருநூறு கிடைத்ததாகச் செய்தி வந்த பிறகே உத்தரவில் கையெழுத்திட்டார். ஸாலிஞ்சர் தாமே பிற்காலத்தில் இதை எழுதியிருக்கிறார். சட்டம் ஊருக்கு, சுருட்டு தனக்கு!

புரட்சிக்குப் பிறகு 1966-இல் பிறந்த புதிய பெயர் ஒன்று உண்டு. தம் மெய்க்காவலர் ஒருவர் பிடித்த, பெயரே இல்லாத சுருட்டின் மணம் காஸ்ட்ரோவுக்குப் பிடித்துப் போயிற்று. அதைச் சுற்றியவரைக் கொண்டு தனியாகத் தயாரிக்கச் செய்தார். எல் லகித்தோ என்ற பழைய மாளிகையில் பெரும்பாலும் பெண்களே அதைச் சுற்றினார்கள். வெளிநாட்டுத் தலைவர்களுக்குப் பரிசாக மட்டும் போய்க்கொண்டிருந்த அது, 1982-இல்தான் கடைக்கு வந்தது. அதற்கு இட்ட பெயர் கோயிபா. கொலம்பஸின் ஆட்கள் கண்டு திகைத்தார்களே, அந்தப் பூர்வ குடிகள் புகையிலைச் சுருளைக் குறிக்க வழங்கிய சொல். அமெரிக்கக் கம்பெனி ஒன்று தன் நாட்டில் அதே பெயரைப் பதிந்துகொண்டது. 1997-இல் வழக்கு மூண்டது. கால் நூற்றாண்டு கடந்தும் ஒரு மன்றத்திலிருந்து இன்னொரு மன்றத்துக்கு ஏறி இறங்கியது. ஒரு பக்கம் சர்க்கார், மறுபக்கம் கம்பெனி. அந்தச் சொல்லைத் தாய்மொழியில் சொன்னவர்களின் பாஷையோ வழக்கொழிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

இந்த இடத்தில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. பெயர் யாருடையது? பணம் போட்டவனுடையதா, நிலத்தை எடுத்துக்கொண்ட சர்க்காருடையதா? வக்கீல்கள் இரண்டு பக்கமும் வாதாடட்டும். ஒரு கதைக்காரனாகிய எனக்கு மூன்றாவது கட்சிக்காரர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். வாரா வாரம் தங்கள் கூலியில் காசு கொடுத்துக் கதை கேட்டவர்கள் அவர்கள். பதினான்கு வருஷச் சிறையை, மேஜையை விட்டு எழ முடியாத தங்கள் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அந்தக் கூடத்தில் இருந்திருக்க மாட்டார்களா? டாண்டே தப்பித்தபோது அவர்கள் கத்தியால் பலகையைத் தட்டினார்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருப்பது அந்த ஓசைதான். அதற்கு அவர்கள் விலை கேட்கவும் இல்லை. யாரும் கொடுக்கவும் இல்லை.

2012-ஆம் ஆண்டில், தொழிற்சாலை வாசிப்பைத் தேசத்தின் பண்பாட்டுச் செல்வம் என்று கியூபா அரசு அறிவித்தது. சுருட்டு உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்று வைத்தியர்கள் சொல்வதை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒருவேளை சுருட்டே இல்லாத காலம் வந்தாலும் வரலாம், வந்தால் நல்லதுதான். ஆனால் ஒருவர் படிக்க, முந்நூறு பேர் வேலையை நிறுத்தாமல் கேட்ட அந்தக் கூடம் மட்டும் மறந்து போகக்கூடாது.

இரவில் எழுத்து ஓடாத சமயங்களில் நான் என் பேனாவின் முனையால் அந்தக் காலிப் பெட்டியை மெல்லத் தட்டிப் பார்ப்பதுண்டு.